ஊசிக்கு ஒரு படுக்கை

ஆகஸ்ட் 12

அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாய்க் கொட்டடியில் நான் சொல்லாமல் விட்டது இது: ஊசியின் மூக்கு தானாகச் சாகவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள்தான் அதைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள்.

பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நண்பர்களுக்குப் பின்னால் அக்கா டீத் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவளுக்காகப் பேசாமல் இருந்தேன். போனில் சொல்லலாம் என்றால் போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை உங்களால் குறுக்கிட முடியாது.

சிரித்த சிரிப்பில் உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் நடந்ததை எழுதுகிறேன். தகரத் தொட்டிக்குப் பின்னால் இறைச்சித் துண்டை ஒளித்து வைத்தீர்கள். ஐந்து நாய்களும் நேராக அங்கே போய் நின்றன. ஊசி மட்டும் தொட்டியை ஒட்டியே நடந்து போய், சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா, உன் ராணிக்கு ஜலதோஷமா?" என்றார் மீசைக்காரர்.

"மூக்கு செத்துப்போச்சு. நவம்பர் ஒண்ணாம் தேதி வேட்டை ஆரம்பம். அதுக்குள்ள சரியாகலைன்னா கல்குவாரி வாட்ச்மேன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். சங்கிலியோட கொடுத்துடுவேன்," என்றீர்கள்.

பிறகு ஊசிக்கு நான் வாங்கி வந்த மெத்தையைத் தூக்கிக் காட்டினீர்கள். "படிச்ச பொண்ணு வாங்கிட்டு வந்திருக்கா பாருங்க. அடுத்த தடவை தலையணை, கொசுவலை எல்லாம் வரும்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

எல்லோரும் போன பிறகு ஊசியின் கூண்டுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன். மற்ற ஐந்துக்கும் ஏதோ மரத்தின் பழைய தூள், உள்ளங்கை உயரத்துக்கு. ஊசிக்கு மட்டும் புதிதாக அறுத்த தேவதாருத் தூள், ஒரு முழம். மரம் அறுக்கும் மில்லின் முதலாளி தன் சிறந்த நாய்க்குத் தன் சிறந்த தூளைப் போட்டிருக்கிறார். கையை எடுத்தபோது பென்சில் பெட்டி வாசனை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. எனக்குத் தும்மல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. எனக்கே இப்படி என்றால், அதற்குள் மூக்கைப் புதைத்துத் தினம் பத்து மணி நேரம் தூங்குகிறவளுக்கு?

நீங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்: "தேவதாரு எடுத்துக்குங்க, இந்த வாசத்துக்குக் கரையான்கூடக் கிட்ட வராது." கரையான் ஓடும் மரத்தை, மூக்கை வைத்துப் பிழைக்கும் நாய்க்குப் படுக்கையாகப் போட உங்களுக்கு மட்டும்தான் தோன்றும்.

உங்கள் வீட்டில் தங்கிப் படித்த இரண்டு வருடத்தில் அவளுக்குப் புட்டிப்பால் கொடுத்தவள் நான். பெயர் வைத்தவளும் நான். என் வாடகை அறையில் நாய்க்கு இடமில்லை என்பதால் மட்டுமே அவள் உங்களிடம் இருக்கிறாள். அவளைக் குவாரியில் கட்டிப்போட நான் விடப்போவதில்லை. தூளை மாற்றுங்கள்.

மைத்துனி


ஆகஸ்ட் 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை எரிச்சல் வந்துச்சு, ரெண்டாவது தடவை சிரிப்பு வந்துச்சு. மூணாவதா உங்க அக்கா படிச்சா. அவளுக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லலை. நீ எழுதினா நானும் எழுதுவேன், எனக்கும் கை இருக்கு.

நீ அச்சாபீசுல பிழை திருத்துறவ. அடுத்தவன் எழுதினதுல புள்ளி விட்டுப்போச்சா, கால் விட்டுப்போச்சான்னு பார்க்கிற உத்தியோகம். நல்ல உத்தியோகம்தான். நான் இருபத்திரண்டு வருஷமா வேட்டை நாய் வளர்க்கிறேன். பயிரை அழிக்கிற பன்னியை விரட்ட என்கிட்டதான் வந்து நிக்கிறாங்க, உன் அச்சாபீசுக்கு யாரும் வர்றதில்லை.

படுக்கை விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கம்பளி போட்டுப் பார்த்தாச்சு. மழையில நனைஞ்சு வந்து படுக்கும், கம்பளி மூணு நாள் காயாது, நாலாவது நாள் தோல்ல புண்ணு. வெறும் சிமெண்டுத் தரை போட்டுப் பார்த்தாச்சு. முழங்கை காய்ச்சுப்போய் நடக்கவே நொண்டுது. உன் மெத்தைக் கதையையும் கேளு. நீ பஸ் ஏறினதும் கருவாயன் கூண்டுல போட்டேன், அதுதான் சின்ன நாய், மெத்து மெத்துன்னு படுக்கட்டுமேன்னு. பதினோரு நிமிஷம். மில்லு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்றேன். கொட்டடி பூரா பஞ்சு. அதுல ஒட்டியிருந்த சீட்டு மட்டும் முழுசா கிடந்துச்சு. 'நீடித்து உழைக்கும்'னு போட்டிருந்தான். அந்தச் சீட்டை எடுத்து வெச்சிருக்கேன், நீ வரும்போது தர்றேன்.

தேவதாருத் தூளை நான் சும்மா அள்ளிக் கொட்டலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உண்ணிக் காய்ச்சல்ல ஒரு நாய் என் மடியில செத்துச்சு. உனக்குத் தெரியாது, நீ அப்ப பட்டணத்துல பரீட்சை எழுதிக்கிட்டிருந்த. அந்தத் தூள் போட்டதுல இருந்து ஊசி மேல ஒரு உண்ணி கிடையாது. அதான் அதுக்கு மட்டும். நல்ல நாயைத்தான் முதல்ல காப்பாத்தணும்.

மூக்கு போனது வயசு. அஞ்சு வயசாச்சு. அதுக்குப் பேரு வெச்சுட்டா அதோட மூக்கும் உனக்குச் சொந்தமாயிடாது.

உங்க அக்கா நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியான்னு கேட்கச் சொன்னா. கேட்டுட்டேன்.

அத்தான்


ஆகஸ்ட் 28

அத்தானுக்கு,

மெத்தை விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் படிக்கத் தக்க எழுத்து வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

செத்துப்போன நாயைப் பற்றி எனக்குத் தெரியாது என்பது உண்மை. அக்கா சொல்லவில்லை. அதற்காக வருந்துகிறேன். ஆனால் ஒரு துயரத்திலிருந்து தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ள உங்களைப் போன்றவர்களால்தான் முடியும். உண்ணி படுக்கையில் மட்டும் குடியிருப்பதில்லை. கூண்டுப் பலகையின் இடுக்குகளில் பதுங்கியிருக்கிறது. இடுக்குகளை அடைத்து, கூண்டைக் கொதிநீர் விட்டுக் கழுவி, படுக்கையை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். அதற்குக் குனிந்து வேலை செய்ய வேண்டும். தூளை அள்ளிக் கொட்ட நின்ற இடமே போதுமே.

நான் பிழை திருத்தும் கையேடுகளில் நாய் வளர்ப்புக்கும் ஒன்று உண்டு. வெளியில் படுக்கும் நாய்க்கு வைக்கோல் நல்லது என்கிறது. ஈரம் அடியில் இறங்கிவிடும், மேலே உலர்ந்திருக்கும், சூடும் நிற்கும். பசும்புல் காய்ந்தது கூடாது, பூசணம் பிடிக்கும். முள்முள்ளாகக் கதிர் ஒட்டிய வைக்கோலும் கூடாது, காதிலும் விரலிடுக்கிலும் ஏறும். மரத்தூள் என்றால் வாசனை மரம் எதுவும் ஆகாது.

உங்களுக்கு ஒரு பந்தயம். ஊசியைக் கொட்டடியிலிருந்து எடுத்து அக்காவின் பின்கட்டு அறையில் மூன்று வாரம் படுக்க வையுங்கள். வைக்கோல் அறையெங்கும் பறக்கும் என்று நீங்கள் முனகுவீர்கள். அதனால் அதைச் சாக்கில் அடைத்து வாயைத் தைத்துப் போடுங்கள். சாக்கு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் மில்லில் குவிந்து கிடக்கிறது. மூன்று வாரத்தில் மூக்கு வராவிட்டால் அதன்பின் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

வயது என்றீர்கள். மற்ற ஐந்தில் கிழவனுக்கு எட்டு. அவன் இறைச்சியைக் கண்டுபிடித்தான்.

மைத்துனி


செப்டம்பர் 4

சின்னவளுக்கு,

ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு நீ எழுதினதைக் கத்தரிச்சு பர்சுல வெச்சிருக்கேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கூத்துக்குச் சம்மதிச்சேன்.

ஸ்டோர்ல இருந்த சாக்குக் கட்டுல ஒண்ணை உருவிக் கொடுத்தேன். உங்க அக்கா உட்கார்ந்து கல்யாணப் பட்டு தைக்கிற மாதிரி தைச்சா. நாய் பின்கட்டு அறைக்குக் குடி போயாச்சு. மோந்துகூடப் பார்க்காம ஏறிப் படுத்துக்கிச்சு. மில்லு ஆளுங்க "ராணியம்மா ஊருக்குப் போயிருக்காங்களா"ன்னு கேட்கிறானுங்க.

மூணு வாரம். எண்ணிக்கிட்டே இரு.

அத்தான்


செப்டம்பர் 26

சின்னவளுக்கு,

மூக்கு வந்துடுச்சு.

இதை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. செவ்வாய்க்கிழமை விடியக்காலையில பன்னித்தோல் ஒரு துண்டைக் கயித்துல கட்டி மில்லைச் சுத்தி, வாய்க்கால் தாண்டி, பழைய பட்டறை வரைக்கும் இழுத்துட்டுப் போய்ப் போட்டேன். மூணு மணி நேரம் கழிச்சு ஊசியை அவுத்து விட்டேன். ஒரு இடத்துலயும் தடுமாறலை. வாய்க்கால்ல இறங்கி அந்தப் பக்கம் ஏறி மறுபடி பிடிச்சுது. மீசை வாயைப் பொளந்துட்டான்.

சளி மருந்தும் கொடுத்துக்கிட்டிருந்தேன், அதையும் மறந்துடாதே. காலமும் மாறிடுச்சு. ஆனாலும் தேவதாருத் தூளை எடுத்துட்டேன். கூண்டுல இடுக்கு அடைச்சாச்சு, கொதிநீர் ஊத்தியாச்சு. நானே குனிஞ்சு செஞ்சேன், போதுமா? குவாரிக்காரன்கிட்ட நாய் கிடையாதுன்னு சொல்லிட்டேன். ஆறு கூண்டுக்கும் சாக்குப் படுக்கைதான் இப்ப. மீசையும் பார்த்துட்டுப் போய் அவன் நாய்ங்களுக்கும் தைக்கச் சொல்லியிருக்கான். உன் புகழ் பரவுது. பின்பக்கம் பார்.

(பின்பக்கம்)

திங்கள்கிழமையில இருந்து நாய்ங்களை வேட்டைக்குப் பழக்க ஆரம்பிக்கிறேன். நீ இங்க இருந்த ரெண்டு வருஷமும் நான் நாய் பழக்கினதை நீ பார்த்ததில்லை, காலேஜுக்குப் போயிடுவே. எங்க வழக்கம் இது: சாக்குல வைக்கோல் அடைச்சு, நடுவுல இறைச்சி வெச்சுத் தைச்சு, மேல பன்னிக் கொழுப்பு தேய்ச்சு, வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுப்போம். நாய் துரத்திப் பிடிச்சுக் கிழிக்கணும். கிழிச்சாத்தான் இறைச்சி. ஊசி அதுல எமகாதகி, ஒரே இழுப்புல வயித்தைக் கிழிச்சுடும். கிழிச்சதைத் துப்பவும் துப்பாது. இந்த வருஷம் ஸ்டோர்ல இருக்கிற அதே கட்டுச் சாக்கே போதும், புதுசு வாங்க வேண்டியதில்லை. நவம்பர் ஒண்ணாம் தேதி முன்னாடி ஓடுறது ஊசிதான்.

அத்தான்


அக்டோபர் 1

அத்தானுக்கு,

"சளி மருந்தும் கொடுத்துக்கிட்டிருந்தேன்." இந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தைப் பத்திரப்படுத்துகிறேன். தோற்ற மனிதன் எந்தக் கொடியைப் பிடித்துத் தொங்குகிறான் என்று தெரிந்துகொள்ள உதவும்.

நான் உங்களிடம் நன்றி எதிர்பார்க்கவில்லை. உங்களிடம் இல்லாததைக் கேட்டு என்ன பயன்? ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னைக் கேலி செய்தது நான்கு பேர் முன்னால். மூக்கைக் கெடுத்தது உங்கள் தூள்தான் என்று அதே நான்கு பேர் முன்னால் சொல்லுங்கள். அக்காவும் அங்கே இருக்கட்டும். டீத் தட்டு இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து.

இருபத்திரண்டு வருட அனுபவத்தை ஒரு வைக்கோல் சாக்கு தோற்கடித்துவிட்டது. அனுபவம் என்று நீங்கள் சொல்வது ஒரே தப்பை இருபத்திரண்டு வருடம் செய்வதைத்தான் போலிருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் வருகிறேன். ஊசியைப் பார்க்க.

மைத்துனி


அக்டோபர் 9

சின்னவளுக்கு,

உங்க அக்கா இப்ப உனக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்கா. நான் போன்ல வரமாட்டேன். அதனால எழுதறேன்.

ஊசி மூணு நாளா சாப்பிடலை. தண்ணி குடிச்சாலும் வாந்தி. முதுகை வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு நிக்குது. உள்ளூர் டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, உள்ள ஏதோ அடைச்சிருக்கு, பட்டணத்துக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். காலையில போறோம்.

கூண்டுல போய்ப் பார்த்தேன். படுக்கைச் சாக்குல ஒரு மூலை இல்லை. ரெண்டு உள்ளங்கை அளவு இல்லை. மத்த நாய்ங்க கூண்டுலயும் ரெண்டு சாக்கு கிழிஞ்சிருக்கு, ஆனா துணி அங்கேயே கிடக்கு, துப்பியிருக்குங்க. ஊசி கூண்டுல ஒண்ணும் கிடக்கலை.

போன வருஷம் கொழுப்பு பட்ட சாக்கெல்லாம் அதே கட்டுலதான் இருந்துச்சு. நான்தான் உருவிக் கொடுத்தேன். மூக்கு இல்லாம இருந்தப்ப மூணு வாரம் அதே சாக்கு மேல பேசாம படுத்திருந்துச்சு. மூக்கு வந்ததும் அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பகல்ல கிழிடி கிழிடின்னு நானே ஏவிட்டு, பொழுது சாஞ்சதும் அதையே கீழ விரிச்சிருக்கேன்.

உன் கையேட்டுல இது இருந்துச்சா? இருந்தா எந்தப் பக்கம்னு எழுது.

அத்தான்


அக்டோபர் 27

அத்தானுக்கு,

கையேட்டில் இல்லை. வேட்டை நாயைச் சாக்கில் பழக்குவார்கள் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. வைக்கோல் என்று மட்டும்தான் அதில் இருந்தது. சாக்கு என் யோசனை. வைக்கோல் பறக்கிறது என்று நீங்கள் முனகுவீர்கள் என்று நானே கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் எழுதியது.

உங்கள் செப்டம்பர் கடிதத்தின் பின்பக்கத்தை, பத்தாம் தேதி பஸ்ஸில் வரும்போதுதான் படித்தேன். முதல் பக்கத்தில் ஜெயித்துவிட்டேன், திருப்பவில்லை. பிறர் எழுதியதைக் கடைசி எழுத்துவரை படிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றே படித்திருந்தால் அடுத்த நிமிடமே போன் செய்திருப்பேன். நீங்கள் எடுக்காவிட்டாலும் அக்கா எடுத்திருப்பாள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஊசி உண்ணிக் காய்ச்சலில் செத்துவிட்டதாக உங்கள் நண்பர்களிடம் சொன்னீர்கள் என்று அக்கா சொன்னாள். கேட்டதும் உங்களை அருவருத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அந்தப் பொய்யில் என் சாக்கும் மறைந்துவிடுகிறது, எனக்கும் அது வசதிதான் என்று புரிந்தது. அதன்பின் அருவருப்பை நம் இருவருக்கும் பங்கிட வேண்டியதாயிற்று.

பொய் நம்மோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். மீசைக்காரர் உங்களைப் பார்த்துத் தன் நாய்களுக்குச் சாக்குத் தைத்திருக்கிறார். அவரும் சாக்கில்தான் பழக்குகிறார். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருக்கவில்லை. நேற்று அவருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன்: சாக்கை எடுத்துவிடுங்கள், வைக்கோலை வெறுமனே பரப்புங்கள், ஊசி சாக்கைத் தின்றுதான் செத்தாள், சாக்குப் போடச் சொன்னவள் நான் என்று. உங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். உங்கள் பங்கை நீங்களே சொல்லவேண்டும், நானே சொல்லிவிட்டால் அதிலும் தப்பித்துக்கொள்வீர்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்கு மணி நேரம் அருகருகே உட்கார்ந்திருந்தோம். நீங்கள் நகத்தில் ஒட்டியிருந்த மரப்பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து எவர்சில்வர் தட்டைக் காட்டினார்.

"சாக்கு நூல். குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து வெச்சிருக்கு. ரெண்டு இடத்துல அறுத்திருக்கு. தைச்சிருக்கேன். அஞ்சு நாள் தாண்டணும்." பிறகு நம் இருவரையும் பார்த்து, "யாருங்க வேட்டை நாய்க்குச் சாக்கைப் போட்டது?" என்றார்.

"நான்தாங்க," என்றீர்கள். உடனே சொன்னீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. என் அக்காவை மற்றவர் முன்னால் நிற்க வைப்பவரை, நண்பன் சிரிப்பதற்காக நாயைக் குவாரிக்குக் கொடுப்பேன் என்பவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிய வரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பாதி தெரிந்திருந்தது, எனக்கு மறுபாதி. ஒருவரை ஒருவர் மட்டம்தட்டும் மும்முரத்தில், அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு நேரமில்லை.

நண்பர்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. நடந்தது இவ்வளவுதான். பத்தாம் தேதி அறுவை சிகிச்சை. பதினொன்றாம் தேதி ஊசியை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டு அறையில் விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பினேன், நீங்கள் மில்லைத் திறந்தீர்கள். பதின்மூன்றாம் தேதி மாலை ஒரு தையல் விட்டது. பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு ஊசி இறந்தாள். அப்போது நீங்கள் மில்லுக்கு வந்த லாரியிலிருந்து மரம் இறக்கிக்கொண்டிருந்தீர்கள், நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பின்கட்டு அறையில் அவளோடு அக்கா மட்டும் இருந்தாள்.